பிறந்த வீட்டுச் சிமிழ்

ஈரோட்டில் கண் லென்சு விற்கும் கடையில் அன்றைக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். கரட்டுப்பாளையம் சென்னியப்பன், அவர் மனைவி சாரதாமணி, தம்பி குழந்தைவேலு, மருமகன் தரணிதரன், கடையில் விளக்கம் சொல்லும் ரெஜினா என்கிற பெண். தாங்களும் கூட நின்றதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் ஊரில் உண்டு. வேறு ஒருவரும் இல்லை. வந்த கார்கூடத் தானே ஓடுகிற கார். ஓட்டுநர் என்று ஒருவர் எட்டிப் பார்த்திருக்கவும் வழியில்லை.

மகள் மிருதுளாவின் கருமாதி முடிந்த மறுநாள் அது. மருத்துவமனையில் அவள் கண்களிலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டு லென்சும் ஒரு சின்னக் குப்பியில், தரணிதரனின் சட்டைப் பையில் இருந்தன. குப்பியில் அவை நெடுநாள் தாங்கா. அவற்றுக்கு ஒரு டப்பி எடுக்கத்தான் வந்திருந்தார்கள்.

டப்பி எடுப்பது பிறந்த வீட்டின் பொறுப்பு. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அவள்மேல் போர்த்தும் கோடிச் சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அது தொன்றுதொட்ட முறை. பார்த்ததை நினைவில் வைக்கும் பாசி லென்சு வந்த பிறகு கண்ணுக்கும் ஒரு கோடி என்று சேர்ந்துகொண்டது. யார் தொடங்கிவைத்தார்கள் என்று தெரியாது. செய்யாத வீட்டைச் சொல்லிக் காட்ட மட்டும் எல்லோருக்கும் தெரியும். சென்னியப்பன் மகளோடு பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் கோடிச் சேலையைத் தம் கையால்தான் போர்த்தினார். பட்டு. நிமிர்ந்து நின்று போர்த்தினார். அவர் கண் கலங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை.

ரெஜினா கண்ணாடி அலமாரியைத் திறந்தபோது, தவறிப்போய் பொம்மைக் கடைக்குள் வந்துவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியது.

"இதுல எதும்மா டப்பி?"

"எல்லாமே டப்பிதானுங்கய்யா."

பாண்டாக் கரடி. வாயைப் பிளந்த தவளை. தர்பூசணிக் கீற்று. பொரித்த முட்டை. மூடியைத் திறந்தால் இரண்டு குழி தெரியும் இட்லிச் சட்டி. கண்ணாடி போட்ட ஆந்தை. மஞ்சள் ஆட்டோ ஒன்றுக்குச் சக்கரம்கூட உருண்டது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் இடது, வலது என்று இரண்டு கிண்ணங்கள். அவற்றில் பாசிக்கான ஊட்டநீர்.

"சாதாரணமா, வட்டமா, வெள்ளையா ஒண்ணும் இல்லயா?"

"அப்படி வர்றதே இல்லீங்கய்யா. வாங்கறதெல்லாம் காலேஜ் புள்ளைங்க. அவங்களுக்கு இப்படி இருந்தாத்தான் புடிக்குது. உள்ள எல்லாம் ஒரே சரக்குத்தானுங்க. வேசம் மட்டுந்தான் வேற வேற."

குழந்தைவேலு இட்லிச் சட்டியை எடுத்துத் திறந்து பார்த்தார். "இது பரவால்லீங்ணா. இடது இட்லி, வலது இட்லி." யாரும் சிரிக்கவில்லை. "மிருது இருந்திருந்தா சிரிச்சிருப்பா" என்றார். சொன்னதற்கு அவரே வருந்தியதுபோல அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

சாரதாமணி அலமாரியைப் பார்க்கவில்லை. ரெஜினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணு, இதுக்குள்ள என்ற புள்ள பாத்ததெல்லாம் இருக்குதா?"

"எல்லாம் இல்லீங்கம்மா. கடைசியா மாட்டுன அன்னிக்குப் பாத்தது மட்டும். மறுபடி மாட்டுனா பழசு மேல புதுசு ஏறிக்கும். லென்சு மேல பாசி ஒண்ணு உசுரோட இருக்குதுங்க. கொளத்துல இருக்குமில்லீங்களா, அந்த மாதிரி. வெளிச்சம் பட்டா நெறம் மாறும், மாறுனத மறக்காது. அதான் அதோட ஞாபகம்."

"இப்பப் பாக்க முடியாதா?"

"இப்ப அது சோந்து கெடக்குதுங்கம்மா. ஒரு மண்டலம் இருட்டுல, ஊட்டத்துல உட்டு வெக்கோணும். வெயில் படக்கூடாது, தண்ணி மாத்தக்கூடாது, குலுக்கக்கூடாது. அப்பறம் கொண்டாங்க, நாங்க எழுப்பித் தர்றோம். ஒரு லென்ச ஒருத்தருதான் பாக்கலாம். ஒருக்காத்தான். பாத்தா வெளுத்துரும்."

"அப்ப ரெண்டு பேரு பாக்கலாம்."

"ஆமாங்க."

சாரதாமணி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பாண்டாக் கரடியைப் பார்த்தபடியே சொன்னார்: "மாப்பிள்ளை ஒண்ணு. நீ ஒண்ணு."

"மாமா, நீங்க பாருங்க" என்றான் தரணிதரன். "நான் அவளக் கூடவே இருந்து பாத்துட்டேன்."

"எனக்கென்னத்துக்குங்க மாப்பிள்ளை? நான் பாக்க அதுல என்ன இருக்குது?"

அதில் என்ன இருக்கிறது என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு கேள்வியே இல்லை.

மிருதுளா நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஈரோட்டில் குடித்தனம். அன்று காலை, "ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்து சொல்றேன்" என்று கணவனிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள். திரும்பி வரும்போது வாய்க்கால் சாலையில் லாரி மோதியது. அந்தச் சாலை இரண்டு இடத்துக்குப் போகும். ஒன்று, அவள் வழக்கமாகத் தண்ணீர் மொண்டு வரும் ஆற்றுத்துறை. இன்னொன்று, அவள் பிறந்த வீடு. அடிபட்டு உருண்டு கிடந்த ஸ்கூட்டரைப் பார்த்து, அவள் எங்கிருந்து வந்துகொண்டிருந்தாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பியிருக்கலாம்.

அவள் ஏன் நுழையாமல் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சென்னியப்பனுக்கும் குழந்தைவேலுவுக்கும் சேர்ந்து ஒரு சாயப்பட்டறை இருந்தது. பொங்கலுக்கு வந்திருந்த மிருதுளா, விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்றபோது, பட்டறையின் குழாய் வாய்க்காலுக்குள் சிவப்பாகக் கொட்டுவதைப் பார்த்தாள். "பைப்பு ஒடஞ்சிருக்கும் அம்மிணி" என்றார் சித்தப்பா. வாய்க்கால் பாயும் கீழ் ஊர்களில் குழந்தைகள் உடம்பெல்லாம் புண்ணோடு இருப்பதை அவள் வேலை நிமித்தமாகப் பார்த்திருந்தாள். அப்பாவிடம் போய்ச் சொன்னாள். "ஊட்டு விசயத்த ஊட்டுல பேசிக்கலாம்" என்றார் அவர். பேசவில்லை. அவள் அன்று மாட்டியிருந்த லென்சைக் கழற்றி நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டாள்.

நீதிமன்றம் நியமித்த ஒருவர் அதை மாட்டிக்கொண்டு, தெரிவதை ஒவ்வொன்றாகச் சொன்னார். கொடியில் வேட்டி காய்கிறது. கீழே ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். இந்தக் கண் அவரையே நெடுநேரம் பார்க்கிறது. பிறகு குழாயைப் பார்க்கிறது.

பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். வந்த கெட்ட பெயர் வீட்டுக்கு. நீதிமன்றப் படியில் வைத்து, நாலு பேர் கேட்க, சென்னியப்பன் மகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "எங்க ஊட்டக் காட்டிக் குடுத்த கண்ணு, இனி எங்க ஊட்டப் பாக்க வேண்டாம்."

அவள் வரவில்லை. அவர் கூப்பிடவில்லை. சொன்ன சொல்லை மாற்றிக்கொள்கிற வம்சம் இல்லை அது. அவளும் அந்த வம்சத்துப் பெண்தான்.

கடையில் சாரதாமணி கடைசியாக ஒரு டப்பியைக் கையில் எடுத்தாள். கண்ணாடி போட்ட ஆந்தை.

"இது இருக்கட்டுங்க."

"அதயா?"

"பள்ளிக்கோடத்துல சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுட்டு இருந்தாளே, அப்ப அவள எல்லாரும் ஆந்த ஆந்தன்னுதான் கூப்புடுவாங்க. இவளே சுவத்துல ஆந்த வரைஞ்சு கீழ பேரு எழுதி வெப்பா. இது அவளாட்டவே இருக்குதுங்க."

சென்னியப்பன் குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதுமே உயர்த்துவதில்லை. "சாவு உழுந்த ஊட்டுக்கு ஆந்தையக் கொண்டு போலாங்கறயா? நாளைக்கு சம்மந்தி ஊட்டுல, நாலு சனத்துக்கு முன்னால, இதுதான் நாங்க என்ற புள்ள கண்ணுக்குச் செஞ்ச மொறைன்னு நான் நீட்டோணுமா?"

"பாக்கறவங்களுக்கு என்னங்க? உள்ள இருக்கறது அவ."

"உள்ள இருக்கறது என்ற புள்ளைங்கறதுனாலதான் சொல்றேன்."

கடைசியில் ஆந்தையைத்தான் வாங்கினார்கள். கொண்டுபோவதற்கு மட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ரெஜினா கையுறை போட்டுக்கொண்டு லென்சுகளைக் குப்பியிலிருந்து ஆந்தைக்கு மாற்றினாள். இளம்பச்சையாக, மழை விட்ட மறுநாள் கல்லில் பிடிக்கும் பாசியின் நிறத்தில் இருந்தன. மூடியதும் ஆந்தை ஒரு கண்ணைச் சிமிட்டியது. பொம்மையின் வேலைப்பாடு அது. சாரதாமணி அதை முந்தானையில் வைத்து மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த அன்றே சென்னியப்பன் பீரோவைத் திறந்தார். மிருதுளாவின் முதல் கொலுசு, அரைஞாண், பால் புகட்டிய சங்கு, சோறு ஊட்டிய கிண்ணம். எல்லாவற்றையும் ஒரு துண்டில் முடிந்துகொண்டு, அந்த வீட்டுத் தாலிகளையெல்லாம் செய்த பத்தரிடம் போனார்.

"குங்குமச் சிமிழ் மாதிரி. ரெண்டு ஒட்டுனாப்பல. திருகு மூடி. தண்ணி கசியக்கூடாது. உள்பக்கம் நகம் பட்டாக்கூட வழுக்கோணும்."

பத்தர் கொலுசைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "இத எதுக்குங்க உருக்கறது? எங்கிட்டயே வெள்ளி இருக்குதுங்களே."

"இதயே உருக்குங்க."

"கொஞ்சம் செம்பு சேத்தாத்தானுங்க உறுதியா நிக்கும்."

"கலப்பு வேண்டாம். வளைஞ்சா வளையட்டும்."

பத்தரிடமிருந்து சிமிழ் வந்தது. நிலா வெளிச்சத்தை இரண்டு துளியாகப் பிடித்து ஒட்டவைத்ததுபோல இருந்தது. அதுவரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் கண்கோடி என்றால் பிளாஸ்டிக்தான். பெரிய வீடுகளில்கூடப் பாண்டாவும் ஆட்டோவும்தான். சம்பந்தி வீட்டம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பொறந்த ஊடுன்னா இப்படி இருக்கோணும்" என்றார். அதைக் கேட்டபோது, பல நாளைக்குப் பிறகு, சென்னியப்பனின் தோள் கொஞ்சம் இறங்கியது. மகளுக்கு ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டோம் என்கிற ஆறுதல் அது.

தரணிதரன் மட்டும் மெதுவாகக் கேட்டான். "மாமா, அந்தக் கடைல ஒரு வார்த்த கேட்டுக்கலாங்களா? இதுல மாத்தலாமான்னு?"

"கண்ணாடிக்காரிகிட்டக் கேட்டுத்தான் என்ற புள்ளைக்கு நான் செய்யோணுங்களா மாப்பிள்ளை?"

தரணிதரன் நல்ல வளர்ப்பு. மாமனார் வீட்டு முறையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று தெரிந்தவன். அதோடு விட்டுவிட்டான்.

லென்சுகளை மாற்றும் வேலையைச் சென்னியப்பனே செய்தார். சாரதாமணி பக்கத்தில் நின்றாள். குளித்து, கையைச் சிகைக்காய் போட்டுக் கழுவி, ஆந்தையின் ஊட்டநீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் சிமிழில் ஊற்றினார். பிறகு வலது லென்சைச் சுட்டுவிரல் நுனியில் ஏந்தினார். தாமரை விதையின் உள்ளே இருக்கும் பச்சை முளை அளவுகூட எடை இல்லை. விரல்மேல் அது மேல்நோக்கிக் கிடந்தது. அது தம்மைப் பார்க்கிறது என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. "உள்ள போ சாமி" என்று சொல்லி நழுவவிட்டார். மகளை அவர் கடைசியாகச் சாமி என்று கூப்பிட்டது எப்போது என்று சாரதாமணிக்கு நினைவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சிமிழ் பூஜை அறையின் உள் மாடத்தில், கறுப்புத் துணிக்கு அடியில் இருந்தது. அந்தப் பெண் சொன்னது ஒன்றைக்கூட அவர் மீறவில்லை. வெயில் படவில்லை. தண்ணீர் மாற்றவில்லை. மாடத்துக்குப் பக்கத்தில் அம்மியில் அரைக்கக்கூட விடவில்லை. காலையில் சாமி கும்பிடப் போனால், சாமிக்கு முன்னால் நிற்பதைவிட மாடத்துக்கு முன்னால் அதிகம் நின்றார்.

"வந்திருப்பாளாங்க?" என்று சாரதாமணி ஒருநாள் கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மிருதுளா அடிபட்ட அன்றைக்குச் சாரதாமணி கோபியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள், வீட்டில் இல்லை.

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க முன்னாடிதான இருந்திருப்பீங்க?"

"தோட்டத்துல இருந்தேன். மேக்கால மடை திருப்பிட்டு இருந்தேன். அங்கிருந்து என்ன தெரியும்?"

"நாலு பேரக் கேட்டுப் பாத்தா என்னுங்க? ஸ்கூட்டர் வந்துச்சான்னு."

"என்ற மக என்ற ஊட்டுக்கு வந்தாளான்னு நான் ஊரக் கேக்கறதா?"

கேட்கவில்லை. ஆனால் சாரதாமணி கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், அவர் வெளியே போய்ச் சாலையோரத்தில், ஸ்கூட்டரை நிறுத்தினால் எங்கே நிறுத்துவாளோ அங்கே நின்றார். அங்கிருந்து தம் வீட்டைப் பார்த்தார். அந்த வீட்டைக் கட்டியவர் அவர். அங்கிருந்து ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. கேட்டுச் சங்கிலி மாட்டியிருந்தது. கொடியில் ஒரு வேட்டி. வராந்தாவில் அவருடைய நாற்காலி, ஆள் இல்லாமல். வந்திருந்தால் இதைத்தான் பார்த்திருப்பாள். சங்கிலி மாட்டிய கேட்டும் ஆள் இல்லாத நாற்காலியும் வெறுப்பைச் சொல்கின்றனவா, வெறும் வேலைநேரத்தைச் சொல்கின்றனவா என்று அங்கிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்தச் சங்கிலியை அவர் மாட்டவில்லை. மாடு உள்ளே வருகிறது என்று குழந்தைவேலு சொன்னதற்கு, "வரட்டும்" என்றார்.

மண்டலம் முடிந்தது. நால்வரும் கடைக்குப் போனார்கள். சாரதாமணி புதுச் சேலை கட்டியிருந்தாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை.

சென்னியப்பன் சிமிழை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தார். கறுப்புத் துணியை விலக்கினார்.

ரெஜினா அதைத் தொடவில்லை. "ஆந்தை என்னாச்சுங்கய்யா?"

"ஊட்டுல இருக்குது."

"இது என்னதுங்க?"

"வெள்ளி" என்றார். "சுத்த வெள்ளி. ஒரு குண்டுமணி கலப்பு இல்ல. எல்லாம் அவளோடதுதான். கொலுசு, சங்கு, அவ சோறு தின்ன கிண்ணம்."

அந்தப் பெண் கையுறையைப் போட்டுக்கொண்டாள். பிறகு மூடியைத் திருகினாள். லென்சுகள் பளிங்குபோல் இருந்தன. பச்சை இல்லை. குழந்தைவேலு குனிந்து பார்த்து, "நல்லா அழுக்கில்லாம இருக்குதுங்ளே" என்றார்.

ரெஜினா ஒரு லென்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இன்னொன்றையும் பிடித்தாள். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். வரும்போதே அவள் முகம் சொல்லிவிட்டது.

"பாசி இல்லீங்கய்யா."

"இல்லீன்னா?"

"செத்துப்போச்சுங்க. ரொம்ப நாளாயிருக்கும். போட்டு ஒண்ணு ரெண்டு நாள்லயே போயிருக்கும்." அவள் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தாள். "வெள்ளியில எந்தக் கிருமியும் பொழைக்காதுங்க. அதனாலதான் கொழந்தைக்கு வெள்ளிச் சங்குல பால் குடுக்கறது."

"எனக்குத் தெரியாதா அது? கிருமி அண்டக்கூடாதுன்னுதான வெள்ளியில வெச்சேன்."

"ஐயா, இதும் அந்தச் சாதி உசுருதானுங்க. எது கிருமி, எது உங்க புள்ளையோட ஞாபகம்னு வெள்ளிக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாதுங்க."



"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க" என்றாள் ரெஜினா. குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அழுதுவிடுவாள்போல இருந்தாள். "வெள்ளியில செய்வாங்கன்னு எனக்குத் தோணவே இல்லீங்க. தோணியிருந்தாச் சொல்லியிருப்பேன்."

தரணிதரன் மாமனாரைப் பார்க்கவில்லை. அதுவும் அவன் வளர்ப்புத்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றான்.

சாரதாமணி கையை நீட்டினாள். "அத எனக்கு மாட்டி உடு கண்ணு."

"அம்மா, அதுல ஒண்ணும் தெரியாதுங்கம்மா."

"இருக்கட்டும். அவ கண்ணுல இருந்ததுதான? மாட்டி உடு."

ரெஜினா இடது லென்சைக் கழுவி அவள் கண்ணில் மாட்டிவிட்டாள். சாரதாமணி இமைத்தாள். நீர் வழிந்தது. லென்சு புதிதாக மாட்டினால் யாருக்கும் வழியும்.

"என்ன தெரியுதுங்கண்ணி?" என்றார் குழந்தைவேலு, கேட்காமல் இருக்க முடியாமல்.

"கடை தெரியுது" என்றாள். "அவரு நிக்கறது தெரியுது."

அவர் நின்றுகொண்டுதான் இருந்தார், நிமிர்ந்து. உட்காரச் சொல்லி ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு சாரதாமணி சரியாகச் சாப்பிடவில்லை. கணவரை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேச்சு பேக்கரியில்தான் கிளம்பியது. யாரோ ஒருவன் டீ குடித்தபடி, "சென்னியப்பக் கவுண்டரு வெள்ளில போட்டுக் கெடுத்துப்போட்டாராமா. அந்த மனுசனுக்கு இது கூடவா தெரியாது?" என்று சிரித்தானாம். பக்கத்தில் இருந்தது குழந்தைவேலு. அண்ணனை ஒருவன் ஏமாளி என்று சொல்ல, கேட்டுக்கொண்டு இருக்கிற தம்பி இல்லை அவர்.

"என்ற அண்ணனுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். அன்னிக்கு அந்தப் புள்ள கேட்டுக்கிட்ட வந்து நின்னுச்சு. இவரு பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. சொன்ன சொல்லு சொன்னதுதான். அத இன்னொருத்தரு கண்ணுல போட்டுப் பாக்கக் கூடாதுன்னுதான் வெள்ளில போட்டாரு. போவியா, பேச வந்துட்டான்."

ஒரு வாரத்தில் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சிலர் காறித் துப்பினார்கள். சிலர், மானஸ்தன் என்றால் அவர்தான் என்று மெச்சினார்கள். சென்னியப்பன் சாலையில் நடந்தால் பேச்சு நின்றது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். விஷயம் காதுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார். குழந்தைவேலு தலைகுனிந்து நின்றார்.

"உங்கள ஏமாளிங்கறானுங்க. எனக்குத் தாங்கலீங்ணா."

"நாளைக்குப் போயி, அது பொய்யின்னு சொல்லிட்டு வந்துரு."

"சரிங்ணா."

அதற்குள் சாரதாமணி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். கை ஈரத்தோடு வந்தாள். அந்தப் பேச்சு அவளையும் எட்டியிருந்தது. முகத்தில் கோபம் இருக்கும் என்று சென்னியப்பன் எதிர்பார்த்தார். கோபம் இல்லை. அது என்ன என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"நெசமாங்க?" என்றாள். "வந்தாளா?"

குழந்தைவேலு வாயைத் திறந்தார். அண்ணன் கையை உயர்த்தினார்.

"சொல்லுங்க. நம்ம கேட்டுக்கிட்ட வந்தாளா?"

பொய் சொல்லாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். பட்டறை வழக்கில்கூட, குழாய் உடையவில்லை என்று நீதிமன்றத்தில் தாமாகவே ஒப்புக்கொண்டவர். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"வந்தா" என்றார்.

சாரதாமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்ன கட்டியிருந்தா?"

"செவப்புச் சேலை."

"ஸ்கூட்டர விட்டு எறங்குனாளா?"

"எறங்குனா. கேட்டு மேல கைய வெச்சுட்டு நின்னா."

"உங்களப் பாத்தாளா?"

"பாத்தா."

"நீங்க?"

"திரும்பிக்கிட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். மகள் இறந்ததிலிருந்து அவள் அப்படி அழவில்லை. "ஒரு வார்த்த வான்னு கூப்புட்டிருந்தா என்னங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள். இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். தானும் சாப்பிட்டாள். அவரோடு அன்றிலிருந்து அவள் பேசுவதில்லை. ஆனால் யாராவது துக்கம் கேட்க வந்தால், "அவ வந்தாளுங்க, கேட்டு வரைக்கும் வந்தா, அவங்கப்பாவத்தான் கடைசியாப் பாத்தா" என்று சொல்கிறாள். சொல்லும்போது அவள் குரல் தெளிவாக இருக்கிறது.

குழந்தைவேலு மறுநாள் பேக்கரிக்குப் போகவில்லை. போக வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

மகள் வாசலுக்கு வந்ததாகவும், தகப்பன் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும், அதை மறைக்கவே கண்ணை வெள்ளியில் போட்டுக் கொன்றதாகவும் ஊரில் ஒரு பேச்சு இன்றும் இருக்கிறது. அது உண்மையல்ல. அன்று காலை சென்னியப்பன் வாசலில் இல்லை. வெள்ளி அதைக் கொல்லும் என்று அவருக்குத் தெரியாது. மகளுக்குக் கொடுக்க அதைவிட உயர்ந்ததும் அவருக்குத் தெரியாது. அவள் வந்தாளா என்பது ஒருவருக்கும் தெரியாது.